68,000 ராண்ட் போய்விட்டது: பழைய கேம்பர் வேனுக்கு எஞ்சின் மாற்றப் போகிறவர்கள் படியுங்கள்

நேற்று இரவு பதினோரு மணிக்கு வேனை இழுவை லாரியில் ஏற்றி டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இன்னொருவர் எஞ்சின் மாற்ற அதே கடைக்குப் பணத்தைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வேன் 1988 மாடல் ஃபோக்ஸ்வேகன் மைக்ரோபஸ். அப்பா வாங்கியது. உள்ளே இருக்கும் கட்டில், அலமாரி எல்லாம் அவர் கையால் செய்தவை. ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு எல்லோரும் அதில்தான் போவோம். இந்த மாடலை ஐரோப்பாவில் நிறுத்திய பிறகும் நம் தென்னாப்பிரிக்காவில் 2002 வரை செய்தார்கள். அதனால் உதிரிப் பாகம் இன்னும் கிடைக்கிறது. எஞ்சின்தான் பிரச்சினை. அதிலிருந்த 2.1 லிட்டர் எஞ்சினில் ஹெட்டுக்கும் (சிலிண்டரை மூடும் மேல்பகுதி) தண்ணீர் அறைக்கும் நடுவில் கசிவைத் தடுக்க ஒரு ரப்பர் கேஸ்கெட் உண்டு. அது இற்றுப்போனால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசியும், அப்புறம் ஹெட்டையே அரித்துவிடும். எங்களுடையது இரண்டு பக்கமும் கசிந்தது.

மூன்று வழி இருந்தது. பழைய எஞ்சினையே பிரித்துச் செய்ய ஓர் இடத்தில் 45,000 கேட்டார்கள். பிற்காலத்து மைக்ரோபஸ்களில் வந்த ஆடி (Audi) நிறுவனத்தின் ஐந்து சிலிண்டர் எஞ்சினைப் போட 55,000. மூன்றாவது, சுபாரு காரின் 2.2 லிட்டர் எஞ்சின். அதுவும் படுத்த வாக்கில் இருக்கும் பாக்ஸர் எஞ்சின் என்பதால், நடுவில் அடாப்டர் பிளேட் என்ற இணைப்புத் தகடு வைத்தால் வேனின் கியர்பாக்ஸோடு சேர்ந்துவிடும். எளிதில் கெடாது என்றும் பெயர். டர்பனுக்குத் தெற்கே ஒரு தொழிற்பேட்டையில், ஜப்பானிலிருந்து வரும் பழைய எஞ்சின்களை இறக்கிப் பொருத்தித் தரும் வொர்க்‌ஷாப் ஒன்றில் எல்லாம் சேர்த்து 68,000 என்றார்கள்.

நான் நம்பிய அந்த நிமிடத்தைச் சொல்ல வேண்டும். கடைக்காரர் என் பெயரைக் கேட்டதும், "தமிழா? உட்காருங்க அண்ணா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுவரில் முருகன் காலண்டர். தரையில் பலகைமேல் வைத்திருந்த எஞ்சினுக்கு பேட்டரி கொடுத்து என் கண் முன்னாலேயே ஓடவிட்டார். ஒரு ராண்ட் நாணயத்தை எடுத்து அதன் மேல் நிறுத்தினார். நாணயம் விழவில்லை, அவ்வளவு அதிர்வில்லாமல் ஓடியது. "அப்பா வண்டிங்கிறீங்க, என் அப்பா வண்டி மாதிரி செஞ்சு தர்றேன்" என்றார். கண் கலங்கிவிட்டது. அன்றே 40,000 அனுப்பினேன். வேலை முடிந்த அன்று மீதி 28,000. ரசீதில் எஞ்சின் எண் எழுதியிருந்தது. குனிந்து எஞ்சினோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் என்றது ஒன்பது வாரமானது. வண்டி கைக்கு வந்த முதல் சனிக்கிழமை அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு டிராகன்ஸ்பர்க் மலைக்குக் கிளம்பினோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் பாதிகூட ஏறவில்லை, வெப்பமுள் சிவப்புக்குப் போனது. பின்னாலிருந்து வெள்ளை ஆவி. நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகள் உரசிக்கொண்டு போகிற இடத்தில், எழுபத்தெட்டு வயது அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கினேன். இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

போன் செய்தால், "ஏற்றத்துல வேகமா ஓட்டியிருப்பீங்க" என்றார். மறுநாள், "தண்ணிக் குழாயில காத்து அடைச்சிருக்கும், நீங்களே திறந்து விடுங்க". அடுத்த வாரம் மின்வெட்டு, வேலை நடக்கவில்லை. அப்புறம் போனை எடுத்தவர் முதலாளி ஊரில் இல்லை என்றார். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் மட்டும் வரவில்லை. கடைசியில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். உடனே பதில் வந்தது: "வேற ஆள் கை வெச்சுட்டாங்க, வாரண்டி கிடையாது."

அந்த மெக்கானிக் காட்டியதைப் பார்த்து வயிறு எரிந்தது. சுபாருவில், சூடானதும் ரேடியேட்டர் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்க ஹீட்டர் வழியாகச் சூடான தண்ணீர் சுற்றி வந்து அதைத் தொட வேண்டும். அந்தக் குழாயை ஒரு போல்ட்டைச் செருகி அடைத்திருக்கிறார்கள். வயரிங்கை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பின் உயரத்தைக் குறைக்காமல் தரையை நோக்கித் தொங்க விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அது 2.2 இல்லை, 2.0. எஞ்சின் உடலில் (பிளாக்) பொறித்துள்ள எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் வேறு வேறு.

எண் பொருந்தாவிட்டால், எஞ்சினைப் போலீஸ் சரிபார்த்துத் தரும் கிளியரன்ஸ் சான்று கிடைக்காது. அது இல்லாமல் பதிவுச் சான்றிதழில் புது எஞ்சினை ஏற்ற முடியாது. அதாவது 68,000 ராண்ட் கொடுத்து, ஓட்டவும் முடியாத விற்கவும் முடியாத வண்டியை வாங்கி வந்திருக்கிறேன். பழைய எஞ்சினையாவது கொடு என்றால், "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு அண்ணா". 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கழற்றிய பாகங்களை நாம் வேண்டாம் என்று சொல்லாத வரை எடுத்து வைத்துத் திருப்பித் தர வேண்டும். எனக்கு அது நேற்றுதான் தெரிந்தது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்டுக்கு மேல் கேட்க முடியாது. அங்கே போனால் 48,000-ஐ நானே விட்டுக்கொடுக்க வேண்டும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. எஞ்சின் எண்ணை நீங்களே டார்ச் அடித்துப் பார்த்துப் படம் எடுங்கள். இறக்குமதிக் காகிதம் கையில் வராமல் ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள். பழைய எஞ்சினை அன்றே வீட்டுக்கு ஏற்றி வாருங்கள். மீதிப் பணம் தருவதற்கு முன் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள், சமதளத்தில் எல்லாம் ஓடும்.

திங்கட்கிழமை மோட்டார் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்புகிறேன். ரசீது, படங்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் மகள் அச்செடுத்துக்கொண்டிருக்கிறாள். அம்மா காலையிலிருந்து வேனுக்குள் அப்பா செய்த கட்டிலில் போய் உட்கார்ந்திருக்கிறார்.