கல்லறைத் தோட்டம் கைமாறினால் முன்கூட்டிக் கட்டிய பணம் எங்கே பத்திரம்?

அமெரிக்காவில் தன் அடக்கச் செலவைத் தானே முன்கூட்டிக் கட்டிவைப்பவர்கள் ஏராளம், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்பதற்காக. டென்னசி மாநிலம் மெம்ஃபிஸ் நகரின் ஃபாரஸ்ட் ஹில் கல்லறைத் தோட்டத்தில் (1977இல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் உடலை முதலில் வைத்த இடம்) அப்படிக் கட்டியவர்கள் பட்ட பாடு கொடுமை. 2004இல் அது கைமாறியது. 2006இல் புது நிர்வாகம், பழைய ஒப்பந்த விலை கட்டுப்படியாகாது, மேற்கொண்டு பணம் கொடுங்கள் என்று இழவு வீட்டாரிடமே கேட்டது. டிரஸ்டில், அதாவது விற்றவர் தொடாமல் தனியே காக்கப்பட வேண்டிய கணக்கில், இருக்க வேண்டிய பணத்தில் பெருந்தொகையைக் காணோம். 2007இல் டென்னசி அரசு தலையிட வேண்டியதாயிற்று.

குழிக்கான இடம் வேறு, வேலைக்கான ஒப்பந்தம் வேறு. இடத்துக்குப் பத்திரம் உங்கள் பெயரில் இருந்தால் பெரிதாகப் பயமில்லை. தோண்டி மூடுவது, சவப்பெட்டியைச் சுற்றி வைக்கும் காங்கிரீட் பெட்டி, பெயர்க்கல், இவற்றுக்குக் கட்டிய பணம்தான் ஆபத்தில் இருக்கிறது.

அந்தப் பணத்தை வைக்க மூன்று வழி: டிரஸ்ட், இன்சூரன்ஸ், சொந்த பேங்க் அக்கவுண்ட். டிரஸ்டில் கட்டினால், எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது எல்லாம். நியூயார்க்கில் இறுதிச்சடங்கு நிறுவனம் வாங்கும் முன்பணம் முழுவதும் டிரஸ்டுக்குப் போயாக வேண்டும், ரத்து செய்தால் வட்டியோடு திரும்பும் (மெடிக்கெய்டு, அதாவது வசதியில்லாதவர்களுக்கான அரசு மருத்துவ உதவி, பெறுவதற்காகப் போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது, நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம்). வேறு பல மாநிலங்களில் ஒரு பங்கை விற்றவரே வைத்துக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸ் பாலிசியாகப் போட்டால் பணம் கல்லறைத் தோட்டத்தை நடத்துபவர் கையில் இல்லை, அதனால் முதலாளி மாறினாலும் அது அசையாது. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி விற்பவரின் குழுமத்தையே சேர்ந்த கம்பெனியாக இருக்கக் கூடாது. 2008இல் மிசௌரியில், இறுதிச்சடங்கு முன்பண ஒப்பந்தங்களை விற்றுவந்த என்பிஎஸ் நிறுவனம் அப்படித்தான் தன் இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு சேர்ந்து கவிழ்ந்தது.

என் ஓட்டு மூன்றாவதற்கு: இடத்தை மட்டும் வாங்கிவிட்டு, மீதியை நாமினி போட்ட பேங்க் அக்கவுண்டில் வைப்பது. விலை ஏறினால் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும், மெடிக்கெய்டு கணக்கிலும் அது சொத்தாக வரும், வாஸ்தவம்தான். ஆனால் யார் தோட்டத்தை வாங்கினாலும் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது.

சரி, ஏற்கெனவே கட்டியாயிற்று, இப்போது தோட்டம் விற்கிறது என்றால்? கம்பெனியையே வாங்கினார்களா, நிலத்தையும் கட்டடத்தையும் மட்டும் வாங்கினார்களா என்று கேளுங்கள். முன்னதில் பழைய கடமைகள் கூடவே வரும், பின்னதில் எதை ஏற்றார்கள் என்பது விற்பனை ஒப்பந்தத்தையும் மாநிலச் சட்டத்தையும் பொறுத்தது. உங்கள் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்குங்கள், டிரஸ்டை வைத்திருக்கும் வங்கியிடம் நேரடியாக இருப்பைக் கேளுங்கள். 1984 முதல் நடப்பில் இருக்கும் இறுதிச்சடங்கு நிறுவனங்களுக்கான மத்திய அரசு விதி, கல்லறைத் தோட்டம் மட்டும் நடத்துபவர்களைக் கட்டுப்படுத்தாது, ஆகவே புகாரை மாநில அதிகாரிகளிடம் கொடுங்கள், ரசீது நகலோடு.