லினக்ஸ் ஓடுகிறது என்று படம் காட்டி 850 டாலர் வாங்கிவிட்டார்கள்: ஐட்டானியம் சர்வர் தேடுபவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் பாதி விட்டுப்போகும். சர்வருக்கு 600 டாலர், அனுப்பும் செலவு 250 டாலர், ஆக மொத்தம் 850 டாலர் போய்விட்டது. விற்ற இணையச் சந்தையிலிருந்து இன்று காலை வந்த கடைசி பதில்: "புகாரை முடித்துவிட்டோம்."

பழைய சர்வர்களை வாங்கி விற்கும் ஓர் இணையச் சந்தை. பெயர் சொல்லவில்லை. அதில் இரண்டு ப்ராசஸர் (ஒவ்வொன்றிலும் இரண்டு கோர்), 32 ஜிபி நினைவகத்துடன் ஓர் ஐட்டானியம் சர்வர், அதாவது இன்டெலின் ஐட்டானியம் சிப்பில் ஓடும் சர்வர், விற்பனைக்கு இருந்தது. ஐட்டானியத்துக்கென எழுதிய பழைய கணக்கீட்டு நிரல் ஒன்றை நான் பராமரித்து வருகிறேன். அதைச் சோதிக்க உண்மையான இயந்திரம் வேண்டும். வேறு சிப்களைப் போல நடிக்கும் கியூஎம்யூ மென்பொருளில் ஐட்டானியம் கிடையாது. 2021 ஜூலையோடு இன்டெல் இந்தச் சிப்பை அனுப்புவதையே நிறுத்திவிட்டது. பழையது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நான் நம்பிய இடத்தைச் சொல்கிறேன். "இதில் லினக்ஸ் போட்டுப் பார்த்தீர்களா?" என்று விற்பவரிடம் கேட்டேன். உடனே ஒரு படம் அனுப்பினார். டெபியன் 7 என்ற லினக்ஸ் பதிப்பின் லாகின் திரை, கீழே நான்கு கோர்கள் தெரிகிற சிபியு பட்டியல். நான் கேட்காமலேயே, "திரை இணைக்க முடியாது, சீரியல் கேபிள் வைத்துக்கொள்ளுங்கள், பூட்லோடர் ஈலிலோ, க்ரப் இல்லை" என்றும் எழுதினார். ஐட்டானியத்தில் லினக்ஸைத் தொடங்கி வைக்கும் ஈலிலோ என்ற பழைய நிரலின் பெயரை இன்று யார் சொல்வார்கள்? அதைப் போட்டுக் கஷ்டப்பட்டவர்தான் சொல்வார். அந்த ஒரு வரிக்காகவே அவரை நம்பி அன்றே பணம் கட்டினேன்.

பெட்டி வந்தது. சீரியல் கேபிள் போட்டதும் மேலாண்மை கன்சோல் திறந்தது, ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) காட்டும் இஎஃப்ஐ தொடக்கப் பட்டியலும் வந்தது. டெபியன் 7 குறுந்தட்டைப் போட்டேன். ஐஏ-64க்கு, அதாவது ஐட்டானியத்தின் கட்டமைப்புக்கு, டெபியன் வெளியிட்ட கடைசிப் பதிப்பு அதுதான். 2013-இல் வந்தது, அடுத்த பதிப்பிலேயே இந்தக் கட்டமைப்பைக் கைவிட்டுவிட்டார்கள். ஈலிலோ லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை ஏற்றியது, அதன்பின் திரையில் ஒன்றுமே இல்லை. சரி, இது வழக்கமானதுதான். கெர்னலுக்குக் கொடுக்கும் கன்சோல் அளவுரு தவறான சீரியல் வாயிலைக் காட்டினால் இப்படித்தான் மௌனமாகிவிடும். அதை மாற்றியதும் நிறுவி ஓடத் தொடங்கியது. பழைய டெபியன் என்பதால் தொகுப்புகளை ஆவணக் களஞ்சியத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். காலாவதியான கையொப்பங்களுக்காக முரண்டு பிடித்தது, அதையும் சமாளித்தேன்.

பிறகுதான் உண்மையான தலைவலி. வன்வட்டில் எழுதத் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் சர்வர் தானாக மறுதொடக்கம் ஆகிவிடும். கெர்னல் பேனிக் இல்லை, பிழைச் செய்தி இல்லை, நேராக இஎஃப்ஐ பட்டியலில் வந்து நிற்கும். குறுந்தட்டின் செக்சம் (தரவு சிதையவில்லை என்று காட்டும் எண்) சரியாக இருந்தது. வன்வட்டை மாற்றினேன், அதே கதை.

விற்பவருக்கு எழுதினேன். "லினக்ஸ் பதிப்பு பழசு, புதுசு போடுங்கள்" என்றார். எந்தப் புதுசு? ரெட் ஹாட் லினக்ஸ் 6-ஆம் பதிப்பிலேயே ஐட்டானியத்தை விட்டுவிட்டது. 2024 ஜனவரியில் வந்த கெர்னல் 6.7-இலிருந்து ஐஏ-64 நிரலே நீக்கப்பட்டுவிட்டது. அதைச் சொன்னால் சில நாள் சத்தமே இல்லை. அப்புறம், "டிரைவர் பிரச்சினையாக இருக்கும்." மறுபடி மௌனம். அடுத்து, "மென்பொருள் கோளாறுக்கு நாங்கள் பொறுப்பில்லை." பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் முடிந்துவிட்டது. வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லினக்ஸே இல்லாமல் பார்த்துவிடலாம் என்று இஎஃப்ஐ ஷெல்லில் இறங்கி, சிபியு விவரமும் நினைவக விவரமும் கேட்டேன். ஒரு ப்ராசஸர்தான் இயங்குகிறது. இரண்டாவதை ஃபர்ம்வேரே முடக்கி வைத்திருக்கிறது. நினைவகத்திலும் பாதி முடக்கம். பிழைப் பதிவைத் திறந்தால் மெஷின் செக் அபார்ட் வரிசையாக நிற்கிறது. திருத்த முடியாத வன்பொருள் பிழை வரும்போது ஐட்டானியம் எழுப்பும் எச்சரிக்கை அது. ஃபர்ம்வேர் அதை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதி வைத்துவிடும். மேலாண்மை கன்சோலின் நிகழ்வுப் பதிவையும் பார்த்தேன். முதல் பிழையின் தேதி, விற்பனைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முந்தையது! இந்த இயந்திரம் சாகிறது என்று அவர்களுக்குத் தெரியும். பதிவை அழிக்கக்கூட இல்லை, வாங்குகிறவன் அதுவரை போக மாட்டான் என்ற நினைப்பு.

அந்தப் பதிவு முழுவதையும் அனுப்பி, படத்தில் நான்கு கோர் எப்படி வந்தது என்று கேட்டேன். "அது மாதிரிப் படம், உங்களுடைய இயந்திரம் அல்ல" என்றார். போட்டுப் பார்த்தீர்களா என்ற கேள்விக்குப் பதிலாக வந்த படம் அது! சந்தையின் வாடிக்கையாளர் பிரிவிடம் போனேன். "சர்வருக்கு மின்சாரம் வருகிறதா?" என்று கேட்டார்கள். வருகிறது என்றேன். "அப்படியானால் பொருள் இயங்குகிறது" என்று எழுதிவிட்டார்கள். இயக்க முறைமையை வட்டில் ஏற்றக்கூட விடாத ஒரு சர்வர், அவர்கள் கணக்கில் இயங்குகிறது. 850 டாலர்.

இதே பாணியில் ஸ்பார்க், பவர் என்று வேறு அபூர்வ சர்வர்களும் அந்தச் சந்தையில் வரிசையாக இருக்கின்றன. இவற்றில் எது கெட்டாலும் பழியை லினக்ஸ் மேல் போட்டுவிடலாம், சரிபார்க்கப் பக்கத்தில் ஆளும் இருக்காது.

வாங்குவதாக இருந்தால் லாகின் திரைப் படத்தை நம்பாதீர்கள். ஃபர்ம்வேர் காட்டும் சிபியு, நினைவகப் பட்டியலையும் நிகழ்வுப் பதிவையும், இயந்திரத்தின் தொடர் எண் அதே காணொளியில் தெரியும்படி கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். பெட்டி வந்ததும் லினக்ஸ் குறுந்தட்டைத் தொடும் முன் ஃபர்ம்வேர் பதிவைப் படியுங்கள், திருப்பி அனுப்பும் கெடு அப்போதே ஓடத் தொடங்கிவிடுகிறது. "டிரைவர்" என்ற பதில் வந்த அன்றே புகார் போடுங்கள். பணத்தை அட்டை மூலம் கட்டுங்கள், வங்கியிலாவது முறையிடலாம். நான் நேரடிப் பணமாற்றத்தில்தான் கட்ட வேண்டும் என்று அவர்கள் வைத்திருந்தார்கள், அதனால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. பதிவின் நகல் என்னிடம் இருக்கிறது. இதே சந்தையில் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.