ஜாக்சன் ஹைட்ஸில் கடையோடு வீடு: இரண்டு குடித்தனமா, ஐந்தா, எட்டா?

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் கீழே கடையும் மேலே வீடுகளுமாக இருக்கும் பழைய செங்கல் கட்டடங்கள் அவ்வப்போது விற்பனைக்கு வரும். 74ஆம் தெருவில் நகைக்கடை, புடவைக்கடை. அடுத்த தெருவில் வங்காளதேச மளிகை. ரூஸ்வெல்ட் அவென்யூவில் திபெத்திய மோமோ, 82ஆம் தெருவை நெருங்கினால் கொலம்பியா, ஈக்வடார் சாப்பாடு. இவ்வளவு பேர் புழங்கும் இடத்தில் வாடகைக்கு ஆள் கிடைக்காமல் போகாது என்று நம்மவர்களும் விசாரிக்கிறார்கள்.

இங்கே மூன்று அளவுகளை எடுத்துக்கொள்கிறேன்: கடையும் இரண்டு வீடும், கடையும் ஐந்து வீடும், கடையும் எட்டு வீடும். விலையை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பெரும்பாலும் எட்டு வீட்டுக் கட்டடம்தான் மலிவாகத் தெரியும். அந்தக் கணக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

1974க்கு முன் கட்டிய கட்டடத்தில் ஆறு வீடோ அதற்கு மேலோ இருந்தால், பொதுவாக அது வாடகை ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும் ரென்ட் ஸ்டெபிலைசேஷன் சட்டத்துக்குள் வந்துவிடும். இந்தப் பேட்டையில் 1920, 30களில் எழுந்த கட்டடங்கள் ஏராளம். அவற்றின் வாடகையை எவ்வளவு கூட்டலாம் என்பதை நகரத்தின் வாரியம் ஆண்டுதோறும் சொல்லும். 2024 அக்டோபரில் தொடங்கிய சுற்றில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 2.75 சதவீதம். முன்பெல்லாம் ஒருவர் காலி செய்தால் அடுத்தவருக்கு 20 சதவீதம் வரை ஏற்றலாம். வாடகை ஓர் எல்லையைத் தாண்டிய பிறகு வீடு காலியானால், அதைச் சட்டத்திலிருந்தே வெளியே எடுக்கலாம். 2019இல் வந்த மாநிலச் சட்டம் இரண்டையும் நிறுத்திவிட்டது. குடியிருப்பவர்களுக்கு அது தேவையான பாதுகாப்பு. பல வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் குடும்பத்தைக் கிளப்பினால்தான் லாபம் என்றால், அந்த லாபமே நமக்கு வேண்டாம். ஆகவே எட்டு வீட்டுக் கட்டடத்தை இன்று வரும் வாடகையை மட்டும் வைத்து எடை போடுங்கள். 'வாடகை ஏற நிறைய இடம் இருக்கிறது' என்று தரகர் சொன்னால், எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள்.

மாநில வீட்டுவசதித் துறையில் பதிவான வாடகை வரலாற்றையும் வீடு வீடாக வாங்கிப் பார்க்க வேண்டும். பழைய உரிமையாளர் கூடுதலாக வசூலித்திருந்தால் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் புதியவர் தலையில் விழும். தெரிந்தே செய்தது என்று முடிவானால் மூன்று மடங்காகத் திருப்பித் தர நேரும்.

ஐந்து வீட்டுக் கட்டடம் பொதுவாக இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கும். விலை கூடுவதற்குப் பெரிய காரணம் அதுதான், அந்தக் கூடுதல் விலை நியாயமானதும்கூட. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. பேஸ்மென்ட்டில் அனுமதியில்லாமல் ஆறாவதாக ஒரு வீடு வாடகைக்கு விட்டிருந்தால், நீதிமன்றம் அதையும் எண்ணிக்கையில் சேர்க்கலாம். அப்படிச் சேர்ந்தால் கட்டடம் முழுவதும் ஸ்டெபிலைசேஷனுக்குள் போய்விடும். பிறகு அந்த ஆறாவது வீட்டை இடித்தாலும் கட்டடம் அதிலிருந்து வெளியே வராது. பார்க்கப் போகும்போது முதலில் மின்சார மீட்டர்களை எண்ணுங்கள். கடைக்கு ஒன்று, வீடுகளுக்கு ஐந்து, படிக்கட்டு விளக்குக்கும் பாய்லருக்கும் பொதுவாக ஒன்று, ஆக ஏழு. எட்டாவது இருந்தால் அது எங்கே போகிறது? பேஸ்மென்ட்டில் சிங்க்கும், அடுப்புக்கு இழுத்த கேஸ் குழாயும், தனிக் கதவும் தென்பட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, கட்டடத்தில் எத்தனை வீட்டுக்கு அனுமதி என்று காட்டும் குடியிருப்புச் சான்றிதழோடு வழக்கறிஞரிடம் போங்கள்.

கடையும் இரண்டு வீடும் என்றால் சொத்து வரியில் முதல் வகுப்பு. மதிப்பீடு ஓராண்டில் 6 சதவீதத்துக்கும், ஐந்தாண்டில் 20 சதவீதத்துக்கும் மேல் ஏறக்கூடாது. மற்ற இரண்டுக்கும் அது 8, 30. கடன் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. கட்டடத்தில் பாதிக்கு மேல் குடியிருப்பாக இருந்து, வாங்குபவர் அங்கேயே குடியிருந்தால், தகுதி உள்ளவருக்கு மத்திய அரசு காப்பீடு தரும் எஃப்எச்ஏ வீட்டுக் கடன் 3.5 சதவீத முன்பணத்திலேயே கிடைக்க வழி உண்டு. ஐந்து வீடு என்றால் வணிகக் கடன்தான். பொதுவாக நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கையிலிருந்து போட வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே முதல்முறை வாங்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது இந்தச் சிறிய கட்டடத்தைத்தான். ஐந்து வீடு, கையில் பணம் இருந்து வேறு இடத்தில் குடியிருப்பவர்களுக்குச் சரிவரும். எட்டு வீடு முழுநேர வேலை. அக்டோபர் முதல் மே வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் ஒவ்வொரு வீட்டிலும் 68 டிகிரி இருந்தாக வேண்டும். ஜனவரி இரவில் பாய்லர் நின்றால் எட்டுக் குடும்பமும் உங்களைத்தான் கூப்பிடும்.

சிறிய கட்டடத்தின் பலவீனம் கடை. அது காலியானால் வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும். கடை வாடகைக்கு நகரத்தில் உச்சவரம்பு கிடையாது என்பது இரண்டு பக்கமும் வெட்டும்: ஏற்றலாம், ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் கடைக்காரர் போய்விடவும் செய்யலாம். ஆகவே ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருடம், சொத்து வரி ஏற்றத்தில் அவர் பங்கு எவ்வளவு, சொந்தப் பொறுப்பில் உத்தரவாதம் தந்திருக்கிறாரா என்று மூன்றையும் பாருங்கள்.

என்ன கடை என்பதும் முக்கியம். புடவைக்கடைக்கு மேலே குடியிருப்பது வேறு, உணவகத்துக்கு மேலே குடியிருப்பது வேறு. எண்ணெய்ப் புகைக்கான குழாய் கூரை வரை போகிறதா, அதைச் சுத்தம் செய்வது யார் என்று கேளுங்கள். டிரை கிளீனிங் கடை இருந்த இடமாக இருந்தால், அதன் ரசாயனம் மண்ணில் இறங்கியிருக்கலாம் என்பதால், மண் பரிசோதனை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரூஸ்வெல்ட் அவென்யூவில் கூட்டம் அதிகம், கடைக்கு நல்லது. ஆனால் 7ஆம் எண் ரயில் மாடி ஜன்னலுக்கு எதிரிலேயே ஓடும், வீட்டு வாடகை அடிபடும். சொந்தமாகக் குடியிருப்பதாக இருந்தால் நான் 37ஆம் அவென்யூவைத்தான் தேடுவேன். அங்கே ஒரு பகுதி 1993 முதல் பாதுகாக்கப்பட்ட வரலாற்று வட்டாரம். கடை முகப்பையோ ஜன்னலையோ மாற்ற அதற்கான ஆணையத்தின் அனுமதி தேவைப்படும். முந்தையவர் அனுமதியில்லாமல் மாற்றியிருந்தால், சரிசெய்யும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.