சைக்கிளோகிறொஸ் சைக்கிளை அன்றாடப் பாவனைக்கு மாற்றியெடுத்தல்: கிளிநொச்சியிலிருந்து ஒரு மதிப்பீடு

2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டுத் துவிச்சக்கர வண்டியில் வேலைக்குப் போகத் தொடங்கியவர்கள் வன்னியில் ஏராளம். அவர்களில் நானும் ஒருவன். தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. என்னிடமிருந்த பழைய சைக்கிள் ஓய்ந்துபோன நிலையில், சுவிற்சர்லாந்திலிருக்கும் பெரியப்பாவின் மகன் தான் ஓடி முடித்த சைக்கிளோகிறொஸ் சைக்கிளொன்றைப் பெட்டியில் அடைத்து அனுப்பிவைத்தார். அதைக் கரடிப்போக்குச் சந்திக்கு அண்மையிலுள்ள கடையொன்றில் கொடுத்து, வட்டக்கச்சிக்கும் கிளிநொச்சி நகருக்கும் இடையே தினமும் ஓடக்கூடியதாக மாற்றியெடுத்தேன். உறவினர்கள் வழியாக இத்தகைய சைக்கிள் கிடைக்கும் வாய்ப்புள்ளவர்களுக்கு, எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கழற்றிவிட வேண்டும் என்பதைத் தெரிவிப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சைக்கிளோகிறொஸ் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவாகி, 1950 இல் பாரிசில் முதலாவது உலகச் சம்பியன் போட்டி நடக்குமளவுக்கு வளர்ந்த, குளிர்காலச் சேற்றில் ஓடும் போட்டி. தடைகள் வரும் இடங்களில் வீரர் இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஆகவே இதன் சட்டகம் பார்வைக்குப் பந்தயச் சைக்கிளைப் போல இருந்தாலும் அமைப்பில் வேறுபட்டது. சேறு அடைத்துச் சில்லு நின்றுவிடாதபடி ரயருக்கும் சட்டகத்துக்கும் இடையே தாராளமான இடைவெளி இருக்கும். பெடல் அச்சு சற்று உயரத்தில் இருக்கும். பிறேக், கியர் கேபிள்கள் மேல்தண்டின் முதுகோடு செல்லும். தோளில் வைக்கும்போது அவை உறுத்தாமலும், அடியில் தெறிக்கும் சேறு அவற்றில் படியாமலும் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஐரோப்பியக் குளிர்காலத்துக்காகச் செய்யப்பட்ட இந்த மூன்று குணங்களும் எங்கள் மாரிகால வாய்க்கால் வீதிக்கு அப்படியே பொருந்துகின்றன. இரணைமடு நீர்ப்பாசன வாய்க்கால் ஓரத்துக் கிறவல் பாதையில் உழவு இயந்திரங்கள் பதித்துவிட்டுப் போகும் ஆழமான தடங்களுக்குள் மற்றச் சைக்கிள்களின் பெடல் தட்டும் இடத்தில், இது தட்டாமல் போகிறது. சட்டகத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

சட்டகத்தில் பூட்டப்பட்டிருந்த சாமான்களின் கதை வேறு. கடைக்காரர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒவ்வொரு பகுதியையும் சுழற்றியும் அழுத்தியும் பார்த்த பின், “தம்பி, இதுக்குச் சாமான் கொழும்பிலையும் தேடித்தான் எடுக்கோணும். இஞ்சை கிடைக்கிற சாமானுக்கு ஏத்த மாதிரி இதை மாத்துவம்” என்றார். இந்த மாற்றியமைப்பில் எடுத்த முடிவுகள் எல்லாம் அந்த ஒரு வார்த்தையிலிருந்து வந்தவைதாம். தினமும் வேலைக்குப் போகும் சைக்கிள் சந்திக் கடையில் அன்றைக்கே திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அது எவ்வளவு உயர்ந்த சாமானாக இருந்தாலும் சுவரில் சாத்தி வைக்கத்தான் உதவும்.

முதலில் ரயர். போட்டி விதிப்படி ரயரின் அகலம் 33 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. வந்த சைக்கிளிலும் அதே அளவில் பல்பல்லாகப் பூ வைத்த ரயர்களே இருந்தன. சேற்றுக்கு அவை அருமையானவை. ஆனால் ஏ9 வீதியின் தாரில் அவை இரைந்துகொண்டு ஓடுவதோடு, காலையும் இழுத்துப் பிடிக்கின்றன. பூவும் விரைவாகத் தேய்ந்துவிடும். அவற்றுக்குப் பதிலாக, நடுப்பகுதி வழுவழுப்பாகவும் ஓரங்களில் மட்டும் சிறிது பூவுள்ளதாகவும் இருக்கும் 35 மில்லிமீற்றர் ரயர்களைப் போட்டோம். இவ்விடத்தில் வாங்குபவர் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. எங்கள் ஊர்ப் பெரிய சைக்கிள்களுக்குப் போடும் 28 x 1½ ரயரும் 700சி எனப்படும் இந்தச் சைக்கிளின் ரயரும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். முதலாவதன் றிம்மில் ரயர் அமரும் விட்டம் 635 மில்லிமீற்றர், இரண்டாவதில் 622 மில்லிமீற்றர். பதின்மூன்று மில்லிமீற்றர் பெரிய ரயரை இந்த றிம்மில் போட்டால், காற்று ஏறியதும் அது கழன்று வெளியே வந்துவிடும். வேறொரு கடையில் இரண்டும் ஒரே அளவுதான் என்று உறுதியாகச் சொல்லி, 28 x 1½ ரயரை என்னிடம் விற்கப் பார்த்தார்கள். கடைக்காரரின் வாக்கை நம்புவதை விட, ரயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 35-622, 37-622 போன்ற இலக்கத்தைப் பார்ப்பதே பாதுகாப்பானது. பின்னால் 622 இருந்தால் வாங்கலாம். இருபத்தொன்பது அங்குல மலைச் சைக்கிளின் றிம்மும் இதே 622 தான் என்பதால், அவசரத்துக்கு அதன் ரியூபில் ஒடுக்கமானதொன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

வந்த ரியூப்களின் வால்வு, மெல்லிய பிரெஞ்சு வகை. ஊர்ப் பம் அதில் பொருந்தாது. றிம்மின் துளையைத் துளைகருவியால் பெருப்பித்துச் சாதாரண வால்வு போடலாம் என்றாலும், ஒடுக்கமான அலுமினிய றிம்மில் அதைச் செய்வதை நான் விரும்பவில்லை. வால்வின் தலையில் திருகும் சிறிய பித்தளைத் தொப்பியொன்று இருக்கிறது. அதைப் பூட்டியதும் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் குழாயே போதுமாகிறது. நெருஞ்சி முள் நிறைந்த ஓரங்களில் ஓடுபவர்கள் இதோடு முள் தாங்கும் உள்பட்டியும் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது கைப்பிடியும் பிறேக்கும். நான் அதிகம் யோசித்ததும் அதிகம் செலவழித்ததும் இதில்தான். வளைந்த கைப்பிடி போட்டிக்கு உகந்தது. ஏ9 இல் பின்னால் பேருந்து வரும்போது திரும்பிப் பார்க்கவும், வீதியை மறித்துப் படுத்திருக்கும் மாடுகளைக் கண்டதும் உடனே பிறேக்கைப் பிடிக்கவும் நேரான கைப்பிடியே எனக்குத் தோதானது. இந்தச் சட்டகங்களில் மேல்தண்டு வளைந்த கைப்பிடிக்கென அளவிடப்பட்டிருப்பதால், நேர்க் கைப்பிடி போட்டதும் கை சற்று அண்மைக்கு வந்து, முதுகு நிமிர்கிறது. அது நல்லதே. சிக்கல், பிறேக் லீவரும் கியர் மாற்றியும் ஒன்றாக இணைந்திருந்த பழைய பிடிகள் இதில் பொருந்தாமற் போவதில் தொடங்குகிறது.

என் சைக்கிளில் இருந்தது கன்ரிலீவர் வகைப் பிறேக்; சில்லின் இரு பக்கத்துக் கைகளையும் நடுவிலிருந்து மேலே இழுக்கும் கேபிளால் றிம்மைப் பிடிக்கும் வகை. அது குறைந்த அளவு கேபிளை இழுக்கும் லீவருக்கென அமைந்தது. கடைகளில் கிடைக்கும் நேர்க் கைப்பிடி லீவர்கள் வி-பிறேக்குக்கு, அதாவது நீண்ட இரு கைகளைப் பக்கவாட்டுக் கேபிளொன்று சேர்த்திழுக்கும் வகைக்கு, உரியவை. அவை கூடுதலான கேபிளை இழுப்பவை. இரண்டையும் கலந்து பூட்டினால் லீவர் கல்லைப் போல இறுக்கமாக இருக்கும், சைக்கிளோ நிற்காது. ஆனால் கன்ரிலீவர் பிறேக்கும் வி-பிறேக்கும் சட்டகத்தில் ஒரே வகை முளைகளிலேயே பூட்டப்படுகின்றன. ஆகவே பழைய பிறேக்கை முழுதாகக் கழற்றிவிட்டு, மலைச் சைக்கிள்களுக்கு விற்கும் வி-பிறேக்கையும் அதற்குரிய லீவரையும் பூட்டினோம். பிறேக் கட்டை தேய்ந்தால் பரந்தனிலும் வாங்கலாம், முல்லைத்தீவிலும் வாங்கலாம். பிடிக்கும் வலிமையும் முன்னரை விட மேலானது.

2010 ஆம் ஆண்டில் சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் போட்டிகளில், றிம்முக்குப் பதிலாகச் சில்லின் நடுவிலுள்ள தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிறேக்கை அனுமதித்தது. அதன் பின் வந்த சைக்கிள்களில் பெரும்பாலும் அதுவே இருக்கிறது. சேற்றில் அது சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் கட்டைகளும் தகடுகளும் பல வடிவங்களில் வருவதால், உரிய வடிவத்தை இங்கே தேடியெடுப்பது கடினம். தெரிவு செய்யும் வாய்ப்புக் கிடைத்தால், வன்னிக்கு முளைப் பிறேக் உள்ள பழைய சைக்கிளையே கேட்டு வாங்குமாறு சொல்வேன். அதற்கும் ஒரு பராமரிப்பு உண்டு. மாரியில் செம்மண் கலந்த கிறவல் துகள்கள் பிறேக் கட்டைக்குள் புதைந்து, அலுமினிய றிம்மைச் சுரண்டும். அப்போது கட்டையின் முகத்தில் சிறு சிறு வெள்ளிப் புள்ளிகள் தெரியும். அவை றிம்மிலிருந்து உரிந்த அலுமினியம். ஊசியால் அவற்றைக் கிண்டியெடுத்து, கட்டையை அரத்தாள் கொண்டு ஒருமுறை தேய்த்துவிட்டால் றிம் பல காலம் நிற்கும்.

கியரைப் பொறுத்தவரை, முன்னால் 46 பல்லும் 36 பல்லுமாக இரண்டு சக்கரங்கள், பின்னால் 12 முதல் 25 பல் வரை ஒன்பது சக்கரங்கள் என்று வந்திருந்தது. வன்னியின் சமதரையில் முன்னால் இரண்டு எதற்கு? 36 பல்லை மட்டும் வைத்துக்கொண்டு, பெடலை நிமிடத்துக்கு 80 சுற்றுச் சுற்றினால், பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரத்தில் மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றரும், மிகச் சிறிய சக்கரத்தில் ஏறத்தாழ 31 கிலோமீற்றரும் ஓடலாம். வேலைக்குப் போகிறவருக்கு இதற்கு மேல் தேவையில்லை. முன் கியர் மாற்றியையும் அதன் கேபிளையும் கழற்றியதால் பழுதாகக்கூடிய பகுதியொன்று குறைந்தது. சிமானோ நிறுவனத்தின் ஒன்பது கியர்த் தொகுதிகளில் வீதிச் சைக்கிளின் பின் மாற்றியும் மலைச் சைக்கிளின் கைமாற்றியும் ஒரே அளவு கேபிளையே இழுப்பதால், பழைய பின் மாற்றியை அப்படியே வைத்துக்கொண்டு நேர்க் கைப்பிடிக்குரிய மாற்றியை மட்டும் வாங்கினால் போதுமாயிருந்தது.

கழற்றிய 46 பல் சக்கரத்தைக் கடைக்காரர் வீசவில்லை. அலுமினியத்தைச் சாணைக்கல்லில் பிடித்தால் கல்லின் துளைகள் அடைத்துக்கொள்ளும் என்பதால், அதைக் குறட்டில் இறுக்கி, அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவி, விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்து மழமழப்பாக்கினார். பின் அதே இடத்தில் திரும்பவும் பூட்டினார். இப்போது அது செயினுக்கு வெளியே ஒரு காவல் வளையமாக நிற்கிறது. காற்சட்டையின் கால் செயினில் மாட்டிக் கிறீஸ் படுவதில்லை. முழு வேலையிலும் என்னை மிகவும் மகிழ்வித்தது இதுதான். காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒரு சாமானை, இருந்த சாமானிலிருந்தே இவ்வளவு துப்புரவாகச் செய்து தரும் கைகள் எங்கள் ஊரில் இருப்பது பெரிய கொடை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மண்ணில் இந்தக் கைத்திறன் இன்னும் அழியாமல் இருக்கிறது.

மட்காட் பூட்ட, பின்பக்கத்தில் துளைகள் இருந்தன. முன் கவையில் இல்லை. றப்பர் வைத்த வளையப் பிடிகளால் அதைச் சமாளித்தோம். மட்காட் பூட்டிய பின் மெதுவாகத் திரும்பும்போது சப்பாத்தின் நுனி முன் மட்காட்டில் முட்டுகிறது. நீளம் குறைந்த சட்டகங்களில் இது வழமை. வேகமாகப் போகையில் கைப்பிடி அவ்வளவு திரும்பாது என்பதால் ஆபத்தில்லை, ஆனால் சந்தையில் ஆட்களுக்கிடையே உருட்டும்போது கவனம் வேண்டும்.

கரியரில் நான் எதிர்பார்த்ததை விடக் குறைவாகவே கிடைத்தது. சட்டகத் துளைகளில் பூட்டும் கரியர் 25 கிலோ வரை தாங்கும் என்று குறிக்கப்பட்டது. புத்தகப் பைக்கும் மரக்கறிக்கும் அது போதும். நெல் மூட்டைக்கும் ஆளை ஏற்றவும் அது உதவாது. மேல்தண்டில் பிள்ளையை இருத்திக்கொண்டு போகவும் முடியாது; அங்கே கேபிள்கள் ஓடுகின்றன. வீட்டில் சைக்கிள் ஒன்றுதான், அதிலேயே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச்செல்ல வேண்டும் என்ற நிலையிலுள்ளவர்களுக்கு இந்தச் சைக்கிளை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவர்களுக்கு லுமாலாவின் இரும்புச் சைக்கிளே ஏற்றது. பெடல் அச்சு உயரமாக இருப்பதால், சீற்றில் இருந்தபடியே காலை நிலத்தில் ஊன்றுவதும் உயரம் குறைந்தவர்களுக்குச் சிரமம்.

ஸ்ராண்ட், பெல், பின் சிவப்பு விளக்கு ஆகியவை சாதாரண வேலைகள். ஸ்ராண்டை மட்டும் அலுமினியத் தண்டில் இறுக்கிப் பிடிக்கும் வகையில் பூட்டவேண்டாம், தண்டு நசியும். சில்லுகளைக் கையால் கழற்றும் நெம்பை எடுத்துவிட்டு, அலன் சாவியால் திருகும் அச்சைப் போட்டது சந்தை வாசலில் நிம்மதியைத் தருகிறது.

சைக்கிள் அனுப்பவிருக்கும் உறவினரிடம் பெட்டி கட்டுவதற்கு முன்பே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின் அச்சுக்கு மேலே கரியருக்கும் மட்காட்டுக்கும் துளைகள் உள்ளனவா, சில்லின் இரு பக்கமும் பிறேக் முளைகள் உள்ளனவா, சட்டகம் கார்பன் அல்லாமல் அலுமினியமோ இரும்போ என்பவற்றைப் பாருங்கள். மூன்றும் சரியென்றால், ஒன்பது கியருக்குரிய செயின் இரண்டையும் அதே பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஊர்க்கடைகளில் இருப்பவை பெரும்பாலும் ஏழு கியருக்கு உரியவை, அந்தச் செயின் இதில் அகலம் கூடி உரசும்.