அளவுக்கு வெட்டித் தந்த டீப்பாய்க் கண்ணாடி

மதுரையில் கண்ணாடி டீப்பாய் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அம்மாவின் உள்ளங்கையில் ஏழு தையல் போட்ட பிறகு எழுதுகிறேன்.

தை மாதம் பைபாஸ் சாலையில் ஒரு கடையில் 9,500 ரூபாய்க்கு வாங்கினோம். "பத்து எம்.எம். டஃபன்டு கிளாஸ் அக்கா, ஏறி நின்றாலும் ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர். டஃபன்டு என்றால் எளிதில் உடையாதபடி உறுதியாக்கிய கண்ணாடி. நாலரை அடி நீளம் எங்கள் கூடத்துக்கு அதிகம் என்றேன். "அரை அடி குறைத்துவிடலாம்" என்று கண்ணாடியைப் பின்கட்டுக்கு எடுத்துப் போனார். அரை மணி நேரத்தில் வெட்டி, விளிம்பைத் தேய்த்துக் கொண்டுவந்தார். பில்லில் 'டீப்பாய் 1' என்று மட்டும் எழுதினார்.

சித்திரையில் ஒரு மாலை, முழங்கால் வலியோடு எழுந்த அம்மா அதன் விளிம்பில் கை ஊன்றினார். கண்ணாடி கத்தி கத்தியாகப் பிளந்தது. தரையெல்லாம் ரத்தம். என் மகன் அப்போது பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நடுங்குகிறது.

மாசி வீதியில் படங்களுக்குக் கண்ணாடி போடும் பெரியவரிடம் ஒரு துண்டைக் காட்டினேன். அளந்தார், ஆறு எம்.எம்.தான். "இது சாதாக் கண்ணாடி அம்மா. டஃபன்டு கண்ணாடியை வெட்டவே முடியாது, வெட்டினால் கல்கண்டாக உதிர்ந்துவிடும். முதலில் அளவுக்கு வெட்டித்தான் உலையில் 600 டிகிரிக்கு மேல் சூடேற்றிச் சட்டென்று காற்றில் குளிர வைப்பார்கள்" என்றார்.

அந்த அரை அடியை வெட்டும்போதே கடைக்காரருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே விற்றிருக்கிறார்.

எடையும் காட்டிக்கொடுத்திருக்கும். நாலுக்கு இரண்டடி, பத்து எம்.எம். என்றால் மேல்பலகை மட்டும் பதினெட்டரை கிலோ இருக்கும். எங்கள் வீட்டு இரண்டாம் மாடிக்குக் கடைப் பையன் ஒருவனே இளைப்பில்லாமல் தூக்கி வந்தான். டஃபன்டு கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை அழியாதபடி பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாதீர்கள். 'டஃபன்டு' என்ற சொல்லும் தடிமனும் பில்லில் இருக்கட்டும். வாங்கிய பிறகு வெட்டித் தருகிறேன், துளை போட்டுத் தருகிறேன் என்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "கண்ணாடிக்கு ஏது கேரண்டி?" என்றார். அம்மாவின் கட்டுப் போட்ட கையை ஏறிட்டும் பார்க்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்; ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. உடைந்த துண்டுகளைச் சாக்கில் கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.