‘ரிகவரி’ டிரைவ் சிவப்பாகத் தெரிந்தால் ஹார்ட் டிஸ்க்கை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்: மதுரையில் என் அப்பாவுக்கு நேர்ந்தது

லேப்டாப் திரையின் ஓரத்தில் ‘இடம் குறைந்துவிட்டது’ என்ற எச்சரிக்கை அடிக்கடி வருகிறது, ‘ரிகவரி’ என்று பெயரிட்ட டி டிரைவின் பட்டை சிவப்பாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, மதுரையில் ஒரு பழுதுபார்க்கும் கடை என் அப்பாவிடம் 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, நல்ல நிலையில் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அந்தக் கடை சொன்ன காரணம் எந்த ஊரிலும் எந்தக் கடையிலும் யாரிடமும் சொல்லப்படக்கூடியது என்பதால், நடந்ததையும் அந்த எச்சரிக்கையின் உண்மையான பொருளையும் விரிவாக எழுதுகிறேன்.

அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு எழுதுகிறார். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து மல்லிகை கொண்டுவரும் விவசாயிகளின் பற்று வரவு, அவர்களுடைய வங்கிக் கணக்கு எண்கள், முன்பணம் என எல்லாமே அந்த லேப்டாப்பில் டாலி மென்பொருளில் இருந்தன. நான் கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். தேர்வுப் பணிக்காக நான் வெளியூர் சென்றிருந்த நேரத்தில் எச்சரிக்கை தொடர்ந்து வரவே, முகூர்த்த நாள் நெருங்குகிறதே என்ற கவலையில் அப்பா மேலமாசி வீதியை ஒட்டிய தெருவில் இருக்கும் அந்தக் கடைக்குப் போயிருக்கிறார்.

கடைக்காரர் திரையைப் பார்த்ததுமே, “அய்யா, டிஸ்க்கு ஃபுல்லாகிப்போச்சு, இனிமே தாங்காது. இப்படியே ஓட்டுனா உள்ள இருக்கறது எல்லாம் போயிரும்” என்று சொல்லியிருக்கிறார். “கணக்கு மட்டும் போயிராமப் பாத்துக்கப்பா” என்று அப்பா கேட்டதற்கு, “டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் எடுத்து வச்சுத்தான்யா மாத்துவோம்” என்று உறுதி கூறியிருக்கிறார். டிஸ்க்கைச் சோதித்துப் பார்க்கும் எந்த மென்பொருளையும் அவர் ஓட்டிப் பார்க்கவில்லை. விண்டோஸும் அன்றாடக் கோப்புகளும் இருக்கும் சி டிரைவில் பாதிக்கு மேல் காலியாக இருந்ததையும் அவர் அப்பாவிடம் சொல்லவில்லை. இந்த இரண்டையும் நான் சாதாரண அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் சிவப்புப் பட்டை தெரியும் அதே திரையில், அதற்கு மேலேயே சி டிரைவின் நீலப் பட்டையும் தெரிந்திருக்கும்.

ரிகவரி டிரைவ் என்பது தனியான ஒரு டிஸ்க் அல்ல. ஒரே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தயாரிப்பு நிறுவனம் பிரித்துவைத்த ஒரு சிறு பகுதி அது. கணினி என்றாவது இயங்காமல் போனால், வாங்கிய நாளில் இருந்த நிலைக்கு அதைத் திருப்பிக் கொண்டுவரத் தேவையான கோப்புகள் அதில் வைக்கப்பட்டிருக்கும். எச்.பி. நிறுவனத்தின் பல கணினிகளில் இது 10 முதல் 20 ஜி.பி. அளவில், டி என்ற எழுத்தோடு கண்ணில் படும்படியே வந்தது. அந்தக் கோப்புகளுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அதைவிடச் சற்றே கூடுதலாகத்தான் நிறுவனம் ஒதுக்கும் என்பதால், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அது ஏறக்குறைய நிறைந்திருக்கும். விதைநெல் வைத்த குதிர் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டில் இடமில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் விண்டோஸுக்கு அந்த வேறுபாடு தெரியாது. எந்த டிரைவிலும் காலியிடம் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அதன் பட்டையைச் சிவப்பாக்கிவிடும். சி டிரைவில் இடம் இருக்கும்வரை, டி நிறைந்திருப்பதால் கணினியின் வேகம் குறைவதில்லை, கோப்புகள் அழிவதும் இல்லை. இடம் குறைவது வேறு, டிஸ்க் பழுதாவது முற்றிலும் வேறு.

அப்படியென்றால் நெடுநாள் அமைதியாக இருந்த டிரைவ் திடீரென்று ஏன் எச்சரிக்கிறது என்ற கேள்வி நியாயமானது. பெரும்பாலும் ஏதோ ஒன்று அந்தச் சிறு இடத்துக்குள் புதிதாக எழுதப்பட்டிருக்கும். தெரியாமல் சேமித்த படங்களாக இருக்கலாம், கணினியை முந்தைய நிலைக்குத் திருப்புவதற்காக விண்டோஸ் குறித்துவைக்கும் தகவல்களாக இருக்கலாம், விண்டோஸின் பேக்கப் வசதி அந்த டிரைவையே சேமிப்பிடமாக வைத்திருக்கலாம். எதையும் எழுதாமலேயே எச்சரிக்கை வருவதும் உண்டு. 2018 ஏப்ரலில் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்பை நிறுவிய பிறகு, அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ரிகவரி பகுதிக்குப் பல கணினிகளில் புதிதாக ஓர் எழுத்து ஒதுக்கப்பட்டுவிட்டது. எழுத்து கிடைத்ததும் அது டிரைவாகத் தெரிந்தது, தெரிந்ததும் எச்சரிக்கை வரத் தொடங்கியது. அந்த எழுத்தை நீக்கினால் போதும், எச்சரிக்கை நின்றுவிடும். நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைத் திரையில் ஒரே வரியில் முடிகிற வேலை அது, உள்ளே இருக்கும் எதுவும் அதனால் அழியாது.

இடம் போதாமை உண்மையிலேயே தொந்தரவு தந்த ஒரு நிகழ்வையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கு வெளியிட்ட கேபி 5034441 என்ற பாதுகாப்பு அப்டேட், ரிகவரி பகுதியில் 250 எம்.பி. காலியிடம் இல்லாத கணினிகளில் பிழை காட்டி நின்றுவிட்டது. டிஸ்க்கைப் பிரிக்கும் கருவியால் அந்தப் பகுதியைச் சற்றுப் பெரிதாக்குவதே மைக்ரோசாஃப்ட் தந்த வழி. அப்போதும் யாரும் ஹார்ட் டிஸ்க்கை மாற்றச் சொல்லவில்லை.

நான் ஊர் திரும்பியபோது லேப்டாப்பில் 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத, சில்லுகளால் ஆன டிஸ்க்) இருந்தது. கணினி முன்பைவிட வேகமாக இயங்கியது உண்மைதான். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் எந்தப் பழைய லேப்டாப்பும் வேகமாகும். வேகத்துக்காக மாற்றலாம் என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் டாலியைத் திறந்தால் கணக்கு எதுவும் இல்லை. டாலி பிரைம் தன் கணக்குக் கோப்புகளை டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வைப்பதில்லை. அவை இயல்பாக சி டிரைவில், எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான கோப்புறையில் இருக்கும். கணக்கு போய்விடக் கூடாது என்று அப்பா வாய்விட்டுக் கேட்டிருந்தும், அதை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

பழைய டிஸ்க்கைக் கேட்டபோது, முதலில் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதில் விவசாயிகளின் வங்கி விவரங்கள் இருக்கின்றன, எங்கே போட்டீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள் என்று நான் கேட்ட பிறகே, உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார்கள். அது அடுத்து யாருக்கு விற்கப்படவிருந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எங்களை நம்பி எண்களைக் கொடுத்த மனிதர்களின் விவரங்கள் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போயிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பதற்றமாக இருக்கிறது.

அந்த டிஸ்க்கை யு.எஸ்.பி. பெட்டியில் பொருத்தி, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் சோதித்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் விவரங்களை அது படித்துக் காட்டும். பழுதான பகுதிகளின் எண்ணிக்கை சுழியமாகவும், மொத்த நிலை ‘நன்று’ என்றும் வந்தன. டாலி கணக்கு முழுவதும் அதிலிருந்து கிடைத்துவிட்டது. டி பகுதிக்குள், கணினியின் பெயரிலேயே ஒரு கோப்புறை இருந்தது. விண்டோஸ் 7 காலத்திலிருந்து தொடரும் பேக்கப் வசதி உருவாக்கும் கோப்புறை அது. அந்த வசதி இயல்பாக ஞாயிற்றுக்கிழமை மாலை 7 மணிக்கு இயங்கும்படி அமைந்திருக்கும். எச்சரிக்கை திங்கட்கிழமை காலையில்தான் அதிகம் வந்தது என்று அப்பா முன்பே சொல்லியிருந்தது அப்போதுதான் விளங்கியது. அந்த ஒரு கோப்புறையை நீக்கி, பேக்கப்பை வெளி டிஸ்க்குக்கு மாற்றியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மூல டிஸ்க்கிலேயே எடுத்து வைக்கும் பேக்கப், டிஸ்க் உண்மையிலேயே பழுதாகும் நாளில் எப்படியும் உதவப்போவதில்லை.

பிறகு ‘புதியது’ என்று அவர்கள் பொருத்திய எஸ்.எஸ்.டி.யையும் அதே மென்பொருளால் பார்த்தேன். அது ஏற்கெனவே 11,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. பில்லில் சீரியல் எண் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை, ‘சர்வீஸ், டிஸ்க்’ என்று மட்டும் எழுதியிருந்தது. போதாக்குறைக்கு, லேப்டாப்போடு காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் 10 ஹோம் பதிப்புக்குப் பதிலாக, உரிமத்தை ஏமாற்றும் நிரலோடு புரோ பதிப்பை நிறுவியிருந்தார்கள். அத்தகைய நிரல்களோடு வேறு என்ன உள்ளே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்கு எழுதும் கணினியில் அதை ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்கக் கூடாது. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்த லேப்டாப்களில் உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். ஆகவே மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை 8 ஜி.பி. பென் டிரைவில் இறக்கி, வாங்கியபோது இருந்த அதே ஹோம் பதிப்பை நிறுவினேன். சாவி எதுவும் கேட்காமல் அது தானே செயல்பட்டது.

ஹார்ட் டிஸ்க் உண்மையிலேயே பழுதாகும்போது தெரியும் அறிகுறிகள் வேறு: டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்ற ஒலி வரும், கோப்புகள் திறக்க மறுக்கும், ஒரு சிறு கோப்பை நகலெடுக்கவே நெடுநேரம் ஆகும், சோதனை மென்பொருள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ காட்டும். டிஸ்க் போய்விட்டது என்று யார் சொன்னாலும், அந்தச் சோதனைத் திரையைக் காட்டச் சொல்லி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதென்று முடிவானால் புதிய டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்; அது உங்கள் பொருள். இடம் வேண்டுமென்று ரிகவரி பகுதியை அழிக்க யாராவது முன்வந்தால் தடுத்துவிடுங்கள், ஏனென்றால் கணினியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் வழி அத்தோடு அடைபட்டுவிடும்.

பயன்படுத்திய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. நாங்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். கடை பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு டிஸ்க்குகளின் சோதனைத் திரைப் படங்களையும் பில்லையும் இணைத்திருக்கிறோம். மதுரையில் இதே காரணத்தைக் கேட்டு டிஸ்க் மாற்றியவர்கள் இருந்தால், பொருத்தப்பட்டதை முதலில் சோதித்துப் பாருங்கள். புகார் கொடுக்கச் சட்டம் இரண்டு ஆண்டுகள் அவகாசம் தருகிறது.