சாதா ஃபேனா, பிஎல்டிசி ஃபேனா: உள்ளே சுற்றும் காந்தத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கண்டென்சர் போன சீலிங் ஃபேனைப் பார்த்திருப்பீர்கள். சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. ஒட்டடைக்குச்சியால் றெக்கையை லேசாகத் தள்ளிவிட்டால் ஓட ஆரம்பித்துவிடும், அதுவும் எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கமாகவே. எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கோடை முழுக்க இப்படித்தான் ஓட்டினோம். அது ஏன் என்று புரிந்தால், கடையில் சாதா ஃபேனை எடுப்பதா, கரண்ட் குறைவாக வாங்கும் பிஎல்டிசி (பிரஷ்லெஸ் டிசி) ஃபேனை எடுப்பதா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி.

சாதா ஃபேனில் நடுவே அசையாமல் இருக்கும் வைண்டிங்குக்கு (கம்பிச் சுருளுக்கு) மட்டும்தான் கரண்ட் போகிறது. அதைச் சுற்றி ஓடும் ரோட்டாருக்கு ஒரு வயர்கூடக் கிடையாது. 1831இல் விஞ்ஞானி ஃபாரடே கண்டுபிடித்தது இங்கேதான் வேலை செய்கிறது: ஒரு மின்சுற்றுக்குள் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால், தொடாமலே அதில் கரண்ட் பிறக்கும். இதுதான் தூண்டல். நம் வீட்டு மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி போடுகிறது, புலமும் கூடவே மாறுகிறது, ரோட்டாரின் அலுமினியக் கம்பிகளில் கரண்ட் கிளம்பி அவை தாமே காந்தமாகிவிடுகின்றன. ஆனால் ஃபேனுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் கரண்டில் புலம் சுற்றாது, நின்ற இடத்திலேயே கூடிக் குறையும். இரண்டாவது வைண்டிங் ஒன்றைச் சேர்த்து, அதன் கரண்டை கண்டென்சர் வழியாகக் கொஞ்சம் முந்தி வரவைத்தால்தான் புலத்துக்கு ஒரு திசை வரும். கண்டென்சர் போனால் அந்தத் திசை போய்விடும். ஒட்டடைக்குச்சி கொடுத்தது அதைத்தான்.

இதில் ஒரு விலை இருக்கிறது. 14 போல் (காந்த முனை) உள்ள வைண்டிங் என்றால் புலம் நிமிடத்துக்குச் சுமார் 428 சுற்று ஓடும், ரோட்டார் எப்போதும் அதற்குப் பின்தங்கியே ஓட வேண்டும், ஏனென்றால் எட்டிப் பிடித்துவிட்டால் புலம் மாறுவதாகவே ரோட்டாருக்குத் தெரியாது, தூண்டலும் நின்றுவிடும். அந்தப் பின்தங்கல் அத்தனையும் ரோட்டாரில் சூடாகிறது. நாள் முழுக்க ஓடிய ஃபேனை நிறுத்திவிட்டு நடுக்கிண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும்.

பிஎல்டிசி ஃபேனின் ரோட்டாரில் நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கிறது. காந்தத்தைத் தூண்டலில் கடன் வாங்க வேண்டாம், பின்தங்கவும் வேண்டாம். அதனால்தான் 75 வாட் வாங்கும் இடத்தில் 30 வாட்டில் முடிகிறது. பெயரில் டிசி என்று இருப்பதை நம்பி ஏமாறாதீர்கள்: உள்ளே இருக்கும் போர்டு வீட்டுக் கரண்டை டிசியாக்கி, மறுபடியும் ஒவ்வொரு காயிலுக்கும் (கம்பிச் சுருளுக்கும்) மாற்றி மாற்றி விடுகிறது. காயில்களுக்குக் கிடைப்பது மாறுமின்னோட்டம்தான், எவ்வளவு வேகத்தில் மாற வேண்டும் என்பதை மட்டும் போர்டு முடிவு செய்கிறது.

சரி, கணக்கு. ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம். தினம் 15 மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாத ஈபி பில்லில் சுமார் 40 யூனிட். மூன்று ஃபேனுக்கு 120. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளப் பாடுபடும் வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

லோ வோல்டேஜ் ஊரில் வித்தியாசம் இன்னும் கூடுதல். சாதா ஃபேனின் சுழற்றும் விசை வோல்டேஜின் வர்க்கத்தில் விழும்: 230க்குப் பதில் 180 வந்தால் ஏறக்குறைய 61 சதவீதம்தான் மிஞ்சும். சாயங்காலம் ஃபேன் சோர்ந்துபோவது இதனால்தான். பிஎல்டிசி போர்டு அதைச் சமாளித்து வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. யூபிஎஸ் பேட்டரியிலும் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஓடும்.

ரிப்பேர் என்று வந்தால் மட்டும் என் ஓட்டு சாதா ஃபேனுக்கே. கண்டென்சரைத் தெருமுனைக் கடையில் மாற்றிவிடலாம், வைண்டிங் எரிந்தாலும் கட்டித்தர ஆள் உண்டு. என் பிஎல்டிசி ஃபேன் இரண்டாம் வருடம் ஒரு இடிமழை ராத்திரியில் போர்டு போய் நின்றது. வேறு கம்பெனி போர்டு பொருந்தவில்லை, சொந்தப் போர்டு வர மூன்று வாரம் ஆனது. அதனால் வாங்கும்போது ஸ்டாரைவிட, போர்டுக்கு எத்தனை வருட வாரண்டி என்பதைத்தான் முதலில் கேளுங்கள்.

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் யோசிக்காமல் பிஎல்டிசி போடுங்கள், மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேராக லைன் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போர்டு கெட்டுவிடலாம். எப்போதாவது ஓடும் ஸ்டோர் ரூமுக்கும் பூஜையறைக்கும் பழையதே போதும். அந்த ஹால் ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று போட்டு மாடி அறையில் மாட்டியிருக்கிறேன், இன்னும் ஓடுகிறது.